மூன்று பொட்டலம் உப்பு

என் ஓரகத்தியை எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்டது நானேதான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதற்கு எங்கள் குடும்பத்தில் வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு மாடி வீட்டுக்குக் குடிவந்த புதிதில், தாவரவியல் படித்த பெண் சும்மா உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருக்கிறாளே என்று எனக்கே பாவமாக இருந்தது. நிலையத் தலைவரிடம் போய்ப் பொறுப்பானவள் என்றும், ஒப்பந்த வேலையானாலும் பரவாயில்லை என்றும் சொன்னேன். மூன்று வருடம் ஆகிறது. அந்தப் பாவம் பார்த்த புத்தியை எந்தச் செருப்பால் அடிப்பது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் பிழைப்பு, நெல்லை உப்பு மண்ணில் பிழைக்க வைப்பது. கடல் ஏறிய நிலம், உப்புத் தண்ணீரைப் பாய்ச்சிப் பாய்ச்சிப் பாழான நிலம், இதிலெல்லாம் சாதாரண நெல்லை நட்டால் பத்தே நாளில் இலை நுனி கருகிவிடும். காலடியில் தண்ணீர் நிற்கும்போதே பயிர் தாகத்தில் சாகும். உப்பு தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு வேருக்கு விடாது. வேர் மல்லுக்கட்டி உறிஞ்சினால் தண்ணீரோடு உப்பும் ஏறி இலைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சில ரகங்கள் மட்டும் இதையும் சமாளித்துக்கொண்டு நிற்கும். அவை எப்படி நிற்கின்றன என்று பார்த்து, அந்தக் குணத்தை நல்ல மகசூல் தருகிற நெல்லுக்குள் கொண்டுவர வேண்டும். சொல்ல ஒரு நிமிடம்தான். செய்ய எனக்கு ஒன்பது வருடம் ஆனது.

என் ரகத்துக்கு எழுபத்தொன்று என்று எண். அது வாசலிலேயே காவல் பார்க்கிற ஜாதி. வேர் வழியாக ஏறுகிற உப்பைத் தண்டின் அடியிலேயே பிடித்து நிறுத்திவிடும், இலைக்கு ஏற விடாது. என் ஓரகத்தி சின்னவளுடையது பதினாறு. அதன் வழி வேறு. உப்பை உள்ளே விட்டுவிடும், ஆனால் வந்த உப்பையெல்லாம் கீழே இருக்கிற பழைய இலைகளில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டுப் புது இலையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும். பழைய இலைகள் கருகி விழும், குருத்து பச்சைப்பசேல் என்று நிற்கும். இதை அவள் முதல் தடவை படம் போட்டு விளக்கியபோது எல்லாரும் தலையாட்டினார்கள். மூத்தவர்களைப் பலி கொடுத்துவிட்டுத் தான் பிழைக்கிற பயிர், வளர்த்தவளுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்தப் பதினாறு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கீழ் இலை கருகியதைப் பார்த்து, இது தேறாது என்று நான் ஒதுக்கிய விதைப்பையிலிருந்து வந்தது. சின்னவள் வேலைக்கு வந்த இரண்டாம் மாதம் அந்தப் பையை எடுத்துக்கொண்டு வந்து, இதை நான் வளர்த்துப் பார்க்கட்டுமா அக்கா என்று கேட்டாள். தாராளமாக வளர்த்துக்கொள் என்றேன். குப்பையை யார் எடுத்தால் என்ன என்ற தெனாவட்டு எனக்கு. நான் கீழ் இலையைப் பார்த்தேன், அவள் மேல் இலையைப் பார்த்தாள். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசம் மூன்றே வருடத்தில் என் ஒன்பது வருடத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது.

வீட்டிலும் இதே கதைதான். சின்னவள் ரசனையாகத் துணி உலர்த்துகிறாள் என்று என் மாமியார் பக்கத்து வீட்டில் சொல்கிறார். துணி உலர்த்துவதில் என்ன ரசனை வேண்டிக்கிடக்கிறது? என் மகள் காலையில் சீப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள், சித்தி பின்னினால் தலை வலிக்கவில்லையாம். என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது, தம்பி பெண்டாட்டி நேற்று ஒரு நல்ல விஷயம் சொன்னாள் என்று ஆரம்பிப்பார். நான் பதினான்கு வருடமாக நல்ல விஷயங்கள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். இத்தனைக்கும் அவள் என்னிடம் ஒரு வார்த்தை மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். ஒரு தடவையாவது எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

இந்த வருடம் போட்டி நேருக்கு நேர் வந்துவிட்டது. கடலோரத்தில் எங்கள் நிலையத்துக்கு ஒரே ஒரு பெரிய உப்பு வயல் உண்டு. அடுத்த பருவத்தில் அதில் ஒரு ரகத்தைத்தான் நட முடியும். அங்கே தேறினால்தான் விவசாயிகள் கைக்குப் போகும், தேறாவிட்டால், அல்லது அந்த வயலுக்குப் போகவே முடியாவிட்டால், விதை குளிர் அறையில் ஒரு டப்பாவில் எண்ணாக இருந்துவிடும். எழுபத்தொன்றா பதினாறா என்று குழு முடிவு செய்ய வேண்டும். இரண்டும் கண்ணாடிக்கூடத்தில் தொட்டிகளில் நின்றன. உப்புத் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல், பழக்கப்படுத்துகிற மாதிரி நாளுக்குக் கொஞ்சமாக ஏற்றி, நான்கு வாரம் வைத்திருந்தோம். பார்வைக்கு இரண்டும் தேறிவிட்டன. மிச்சம் இருந்தது ஒரே ஒரு சோதனை. புது இலையில் எந்த ரகம் குறைவாக உப்பு வைத்திருக்கிறது?

அந்தச் சோதனையைச் செய்யும் கருவி என் பொறுப்பில் இருந்தது. இலையைக் காயவைத்து, எடை போட்டு, அமிலத்தில் கரைத்து, அந்தச் சாற்றைச் சுடருக்குள் விட வேண்டும். உப்பு இருந்தால் சுடர் மஞ்சளாக எரியும், எவ்வளவு மஞ்சள் என்பதைக் கருவி எண்ணாகச் சொல்லும். இதில் ஒரு பெரிய தொல்லை உண்டு. மனிதர்களின் வியர்வையும் உப்புதான். வெறும் விரலால் இலையைத் தொட்டால் போதும், பயிரின் உப்போடு நம் உப்பும் சேர்ந்து எண் ஏறிவிடும். அதனால் கையுறை இல்லாமல் யாரும் என் மேசைப் பக்கம் வர முடியாது. ஒருமுறை தலைவரே வெறும் கையோடு ஒரு பொட்டலத்தை எடுத்தபோது, கீழே வையுங்கள் என்று பத்துப் பேர் முன்னால் சொன்னவள் நான். கையுறை அக்கா என்று எனக்கு ஒரு பட்டப்பெயரே உண்டு. எனக்குத் தெரியாமல் சொல்வதாக அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளூர எனக்கு அதில் பெருமைதான்.

யாருடைய இலை என்று எனக்கும் தெரியக் கூடாது என்பது விதி. அவரவர் தங்கள் இலையை வெட்டி, கழுவி, காகிதத்தில் பொட்டலம் மடித்து எழுத்தரிடம் கொடுத்துவிட வேண்டும். ஒரு ரகத்துக்கு நான்கு தொட்டி, நான்கு பொட்டலம். எழுத்தர் பெயர் தெரியாமல் எண்ணை ஒட்டி, எந்த எண் யாருடையது என்ற பட்டியலை உறையில் போட்டுத் தலைவரிடம் கொடுத்துவிடுவார். இலை வெட்டிய அன்று பதினோரு மணிக்கு எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. மகளுக்குக் காய்ச்சல், வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். என் இலைகளை வெட்டிக் கழுவியாகிவிட்டது, மடிக்க மட்டும் நேரமில்லை. கண்ணாடிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் தோட்டக்காரரிடம், கையுறை போட்டுக்கொண்டு மடித்துக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

மூன்று நாள் கழித்து, அடுப்பில் காய்ந்த எட்டுப் பொட்டலங்களும் என் மேசைக்கு வந்தன. மதியம் இரண்டு மணி. குளிர்சாதனம் ரிப்பேர், காயவைக்கிற அடுப்பு வேறு பக்கத்தில் அனலாக இருந்தது. கழுத்தெல்லாம் வியர்வை. பொட்டலங்களைப் பார்த்தேன். நான்கு பொட்டலங்கள் எப்படியோ சுருட்டப்பட்டிருந்தன. மற்ற நான்கும் ஓரம் இரண்டு மடிப்பாக உள்பக்கம் செருகப்பட்டு, உறை மாதிரி கச்சிதமாக இருந்தன. நிலையத்தில் அப்படி மடிக்கிற ஆள் ஒருத்திதான். மாடிவீட்டில் மருந்துச்சீட்டைக்கூட அப்படித்தான் மடித்து வைத்திருப்பாள். பொட்டலத்திலும் ரசனை.

என்ன செய்கிறேன் என்று தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் அது பொய். நன்றாகத் தெரிந்துதான் செய்தேன். வலது கைக் கையுறையைக் கழற்றினேன். கழுத்தைத் துடைத்தேன். கச்சிதமான பொட்டலம் ஒன்றைப் பிரித்து, காய்ந்த இலையை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, திரும்ப உள்ளே போட்டேன். அந்த இலை ஒரு பிடி காற்று எடை கூட இருக்காது. இரண்டாவது பொட்டலம். மூன்றாவது பொட்டலம். நான்காவதைப் பிரிக்கும்போது எழுத்தர் கையெழுத்து வாங்க வந்து கதவைத் தட்டினார். கையுறையை மாட்டிக்கொண்டேன். அவர் போன பிறகு மறுபடி கழற்ற எனக்குத் தைரியம் வரவில்லை. நான்காவதைத் தொடாமலே மற்றவற்றோடு வைத்துவிட்டேன்.

மறுநாள் சாற்றைச் சுடரில் விட்டேன். சுருட்டிய பொட்டலங்கள் நான்கும் ஆறை ஒட்டியே எண் காட்டின. கச்சிதப் பொட்டலங்களில் முதலாவதுக்குச் சுடர் மஞ்சளாகச் சீறியது. பதின்மூன்று. அடுத்தது பன்னிரண்டு, அதற்கடுத்தது பதினான்கு. எழுதிக்கொண்டே வந்தேன். வயிறு குளிர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். தொடாத நான்காவது பொட்டலம் ஐந்து என்று காட்டியது. ஆறைவிடக் குறைவு. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. பதினாறுக்கு ஐந்தா, பொல்லாத பயிர்தான், நல்லவேளை மற்ற மூன்றையும் பார்த்துக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன்.

வியாழக்கிழமை குழு கூடியது. தலைவர், வெளியிலிருந்து வந்த மண் நிபுணர், எழுத்தர், நான், சின்னவள். தலைவர் உறையைப் பிரித்து, பொட்டல எண், ரகம், உப்பின் அளவு என்று வரிசையாகப் படித்தார். ஒன்று, பதினாறு, ஆறு. இரண்டு, எழுபத்தொன்று, பதின்மூன்று. நான் தப்பாகக் காதில் விழுந்தது என்று நினைத்தேன். மூன்று, பதினாறு, ஐந்தே முக்கால். ஐந்து, எழுபத்தொன்று, பன்னிரண்டு. ஏழு, எழுபத்தொன்று, பதினான்கு. என் ஒன்பது வருடத்தின் மேல் என் கழுத்து வியர்வையையே நான் பூசி வைத்திருந்தேன். திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். வலிக்கிறது என்று வாயைத் திறக்க முடியாது.

தலைவர் என்னைப் பார்த்தார். எழுபத்தொன்று இவ்வளவு உப்பை மேலே விடும் என்று எதிர்பார்க்கவில்லை, அப்படியானால் பதினாறுதான் என்று பேனாவை எடுத்தார். அப்போது சின்னவள் எழுந்தாள்.

"சார், இந்த நம்பர நம்பாதீங்க. அக்காவோட பயிர் இப்படிக் காட்டாது. அதுல நாலாவது பொட்டலம் மட்டும் அஞ்சுன்னு இருக்கு பாருங்க, அதுதான் உண்மை. தப்பு என் மேலதான் இருக்கணும். அன்னிக்கு அக்கா அவசரமா கெளம்பிட்டாங்க. தோட்டக்காரருக்கு விரல் பெருசு, இலை ஒடஞ்சிடுமோன்னு அக்காவோடத நான் வாங்கி மடிச்சேன். என்னோடத அவர்கிட்ட குடுத்துட்டேன். என் கையுறை எங்கயாவது கிழிஞ்சிருக்கும். கவனிக்காம விட்டுட்டேன்."

தோட்டக்காரரிடம் கொடுத்தது அவளுடையதாம். என்னுடையதை அவளே மடித்தாளாம். என் இலை உடைந்துவிடக் கூடாது என்று. நான் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தலைவருக்கு இந்த விஷயத்தில் தயவு தாட்சண்யம் கிடையாது, அப்படி ஆக்கியவளும் நான்தான். எழுபத்தொன்றை மறுபடி சோதிக்கலாம், ஆனால் கடைசிச் சோதனையில் கிழிந்த கையுறையோடு வேலை செய்தவரை உப்பு வயலுக்கு அனுப்ப முடியாது என்றார். ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறதே, அதைப் புதுப்பிக்கும்போது இதையும் யோசிக்க வேண்டியிருக்கும் என்றார். சின்னவள் சரி சார் என்றாள். உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது. என் பயிருக்கு மறுசோதனை. அவளுக்கு வேலை இல்லை. நாளையிலிருந்து அவள் மாடியில் உட்கார்ந்து ரசனையாகத் துணி உலர்த்தலாம். நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, வாயை மூடிக்கொண்டு இருப்பது. என்னால் அது முடியும் என்றுதான் நினைத்தேன். ஆனால் மண் நிபுணர் அவளைப் பார்த்த பார்வையைக் கவனித்தேன். தலைமயிர் நரைத்த, யாரையும் லேசில் மெச்சாத மனிதர். தலைவர் காதுபடவே மெதுவாகச் சொன்னார். தன் ரகம் ஜெயித்த நேரத்தில் எதிராளியின் எண் தப்பு என்று எழுந்து நின்று சொல்கிற ஆளை, இத்தனை வருடத்தில் இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். எழுத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் நல்லவளாகிவிட்டு எழுந்தேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மனசாட்சி குத்தவில்லை. என் மகள் தலையை அவள் எடுத்துக்கொண்டாள், என் மாமியாரின் வாயை எடுத்துக்கொண்டாள், நான் எறிந்த விதையில் பெயர் எடுத்தாள். இப்போது நான் செய்த தப்பையும் எடுத்துக்கொண்டு அதிலும் நல்ல பெயர் வாங்குகிறாள். இந்த ஊரில் எனக்கென்று ஒன்றுகூட மிச்சம் இருக்காதா? பொறாமையில்தான் எழுந்தேன்.

"அவ கையுறை கிழியல சார். நான்தான் வெறுங்கையால தொட்டேன். என்னோட தப்பு."

தொட்டதைச் சொன்னேனே தவிர, ஏன் தொட்டேன் என்பதைச் சொல்லவில்லை. வெயில், அலுப்பு, மகளுக்குக் காய்ச்சல், கவனக்குறைவு என்று அவர்களே காரணம் தேடிக்கொண்டார்கள். இருபது வருட வேலையில் ஒரே ஒரு தடவை என்று மண் நிபுணர் எனக்காகப் பரிந்துகூடப் பேசினார். தலைவர் சின்னவளிடம் சொன்ன இரண்டையும் அப்படியே என் பக்கம் திருப்பினார், எனக்கு நிரந்தர வேலை என்பதால் வேலை மட்டும் தப்பியது. உப்பு வயலுக்கு நான் போகக் கூடாது. கருவி அறைச் சாவியைச் சின்னவளிடம் கொடுக்க வேண்டும். மறுசோதனையையும் அவளே செய்வாள். கைப்பையிலிருந்து சாவியை எடுத்து அவள் பக்கம் தள்ளினேன். அவள் சாவியை எடுக்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சாவியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்து, நடைவழியில் தண்ணீர்க்குழாய்ப் பக்கம் அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். மற்றவர்களுக்கு என்னைத் தெரியாது, இவளுக்குத் தெரியும். சமையலறையில் உப்பு டப்பாவைத் தொட்டால்கூடக் கை கழுவிவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவேன் என்பதைப் பார்த்தவள்.

"எத்தன பொட்டலம் தொட்டீங்க?"

"மூணு."

"நாலாவது?"

"எழுத்தர் வந்துட்டார்."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் முகத்தில் கணக்கு ஓடுவது எனக்குத் தெரிந்தது. எட்டில் நான்கை மட்டும் தேர்ந்தெடுத்தது எப்படி, அந்த நான்கிலும் தப்பியது ஒன்று ஏன், என்னுடைய இலையை நானே ஏன் கெடுக்கப் போகிறேன். அவள் நல்ல ஆராய்ச்சிக்காரி. விடை வர அதிக நேரம் ஆகவில்லை.

"மடிப்பப் பாத்து என்னோடதுன்னு நெனச்சீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நம்பாவிட்டாலும் நம்பியதுபோல இருந்திருப்பாள், அப்படிப்பட்டவள்தான். ஆமாம் என்றேன். அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி கருவி அறைப் பக்கம் போனாள். திட்டியிருக்கலாம். அழுதிருக்கலாம்.

மறுசோதனைக்கு அதே தொட்டிகளிலிருந்து அடுத்த புது இலையை வெட்டினார்கள். நான்கு நாள் எனக்குத் தூக்கம் இல்லை. கருவி அறைக்கு வெளியே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கை நிறைய என் பயிர் இருந்தது. விரல் பட்டால் போதும். அதுகூட வேண்டாம், குடுவையை ஒரு தடவை குறைவாகக் கழுவினால் போதும், யாருக்கும் தெரியாது. அவள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் பயந்தேன். அவள் பழைய கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டினாள். விரல் விரலாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு புதுக் கையுறை. அத்தனை கையுறையை நானே செலவழித்ததில்லை.

சுடர் நீலமாகவே இருந்தது, மஞ்சள் லேசாகத் தொட்டுத் தொட்டுப் போனது. கடைசி எண்ணை எழுதிவிட்டுத் தாளோடு வெளியே வந்தாள். என் முன்னால் நின்று, மூன்றாம் மனுஷிக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"மேடம், எழுபத்தொண்ணு நாலும் அஞ்சுக்குள்ள வந்திருக்கு. பதினாறு ஆறு. உங்களோடதுதான் வயலுக்குப் போகுது."

நான் ஜெயித்துவிட்டேன். மேடம் என்ற சொல்தான் காதிலேயே நின்றது. தலைவரை, மண் நிபுணரை, வங்கியில் உட்கார்ந்திருக்கிறவர்களை அவள் கூப்பிடுகிற விதம் அது. வீட்டில் மாமியார் முன்னால் அப்படிக் கூப்பிட முடியாது, அதனால் வீட்டில் என்னை எதுவுமே சொல்லிக் கூப்பிடுவதில்லை. சாப்பாடு ஆச்சா, தண்ணி வந்திருச்சு, என்று மொட்டையாகப் பேசுகிறாள். நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. மாமியாரிடமும் சொல்லவில்லை, கொழுந்தனிடமும் சொல்லவில்லை என்பது அவர்கள் என்னோடு பழகும் விதத்திலேயே தெரிந்தது. என் மகள் வழக்கம்போல் சீப்போடு மாடிக்குப் போகிறாள், சிரித்துக்கொண்டு திரும்பி வருகிறாள். உப்பைத் தின்றவள் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும், அது சரி. ஆனால் ஒரு மடக்கு கொடுத்துவிட்டுக் குவளையை எட்டத்தில் வைத்துக்கொண்டால் என்ன செய்வது?

நடவு நாளன்று உப்பு வயலுக்கு எல்லாரும் போனார்கள். எனக்கு வேலை இல்லை, பார்வையாளராக வரலாம் என்று தலைவர் பெரிய மனதோடு சொன்னார். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். பெற்றவளால் எப்படி வீட்டில் இருக்க முடியும்? வரப்பெல்லாம் உப்பு பூத்து வெள்ளையாகக் கிடந்தது. காற்றிலேயே உப்பு கரித்தது. என் எழுபத்தொன்று நாற்றுக்கட்டுகளாக வரப்பு நெடுக அடுக்கியிருந்தது. வயலின் நடுவே முழங்கால் சேற்றில், என் இடத்தில் சின்னவள் நின்று, எந்த வரிசை எங்கே வர வேண்டும் என்று கயிறு பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த மண்ணில் நாற்றை எவ்வளவு நெருக்கி நட வேண்டும், எத்தனை நாள் மூத்த நாற்றாக இருந்தால் தாங்கும், எல்லாம் நான் எழுதி வைத்த குறிப்பிலிருந்துதான். ஒரு வார்த்தை மாற்றாமல் அப்படியே செய்தாள். அதிலும் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஒரு சந்தேகம் கேட்க அவள் வரப்புக்கு வந்தாள். இந்த ஓரத்தில் உப்பு அதிகமாக இருக்கிறது, இங்கே இரண்டு நாற்றுக்குப் பதில் மூன்றாக வைக்கலாமா மேடம் என்று கேட்டாள். வைக்கலாம் என்றேன். என் பயிரைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடமே உத்தரவு கேட்கிறாள் என்று எரிச்சல் வர வேண்டும். வரவில்லை. இன்னும் ஏதாவது கேட்கட்டும் என்று இருந்தது. நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

நடவுக்கு வந்திருந்த பெண்களில் ஒருத்தி, நடுத்தர வயது, கயிற்றைத் தாண்டி நட்டுக்கொண்டே போனாள். இதற்கு முன் யாரும் அவளைப் பார்த்ததில்லை, இன்று சாயங்காலம் போய்விட்டால் இனியும் பார்க்கப்போவதில்லை. சின்னவள் சேற்றில் கால் வைத்தபடி அவளைப் பார்த்துச் சிரித்துக் கூப்பிட்டாள்.

"அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி நடுங்களேன்."

அந்தப் பெண் சரி கண்ணு என்று தள்ளி நட்டாள். அவளுக்கு அது ஒன்றுமில்லை, ஒரு நாளைக்குப் பத்துப் பேர் அப்படிக் கூப்பிடுவார்கள். மூன்று வருடமாக நான் சின்னவள் மேல் எவ்வளவோ பொறாமைப்பட்டிருக்கிறேன். ஆனால் முகம்கூடச் சரியாகத் தெரியாத அந்தப் பெண்மேல் அன்றைக்கு எனக்கு வந்த பொறாமைக்கு முன்னால் அதெல்லாம் உப்புக்குப் பெறாது.